மதில்மேல் மார்ஜரி

தெல்மாவோடு வெளியூர் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவளைத் தொலைக்க முடியாது. எங்கள் ரன்கார்னில் உள்ள பிங்கோ கூடத்தில் பல வருஷம் எண் கூவியவள் அவள். கூடம் நிறையப் பெண்கள் சீட்டும் பேனாவுமாகக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் தெல்மா உருளும் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதிலுள்ள எண்ணைச் சொல்வாள். வெறும் எண்ணாகச் சொல்ல மாட்டாள். எண்பத்தெட்டு வந்தால், "ரெண்டு குண்டம்மா, எண்பத்தெட்டு" என்பாள். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். குரல் இன்னும் பெறவில்லை. ரொட்டிக் கடையில் அவள் பன் கேட்டால் எதிர்ச்சாரித் தபால் ஆபீஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மார்ஜரியோடு போவது நேர் எதிர். ஆளும் சின்னது, குரல் அதைவிடச் சின்னது. கடை ஜன்னல் ஒன்றைப் பார்த்தால் நின்றுவிடுவாள். போன கிறிஸ்துமஸுக்கு லிவர்பூலில் நானும் தெல்மாவும் அவளோடு பேசிக்கொண்டே இரண்டு தெரு நடந்து, பதில் வராததால் திரும்பிப் பார்த்தபோதுதான் அவள் எங்களோடு இல்லை என்பதே தெரிந்தது. அதனால் இந்த முறை செஸ்டருக்குக் கிளம்பும்போதே தெல்மா ஏற்பாடாக வந்தாள். எலுமிச்சை மஞ்சளில் ஒரு மழைக்கோட்டு. கையில் நீளக் குடை. குடையின் நுனியில் ஒரு சிவப்புக் கைக்குட்டை. எங்கே நின்றாலும் மார்ஜரி அதைப் பார்த்து வந்து சேர வேண்டும் என்பது உத்தரவு.

மூன்றாவது ஆள் நான், க்ளெனிஸ். நான் பிறந்தது வேல்ஸில், டென்பி பக்கம். கல்யாணமாகி ரன்கார்ன் வந்து, இங்கேயே பேரன் பேத்தி எடுத்தாயிற்று. ஆனாலும் தெல்மாவுக்கு நான் நேற்று எல்லை தாண்டி வந்தவள்தான். அதிலும் செஸ்டருக்குப் போகிறோம் என்றால் அவளுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஊரின் கோட்டை மதிலுக்குள் பொழுது சாய்ந்தபின் வேல்ஸ்காரர் யாரும் தங்கக் கூடாது என்று முன்னொரு காலத்தில் உத்தரவு இருந்ததாகச் சொல்வார்கள். ரயிலில் ஏறி உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ரிட்டன் டிக்கெட்டுதானேடி எடுத்திருக்கே? இருட்டறதுக்குள்ள உன்னை வெளிய கூட்டிட்டு வந்துடணும். இல்லாட்டி அம்பு விட்டுக் கொன்னா கேக்க நாதி கிடையாதாம்."

"விடட்டுமே. நீ பக்கத்துல இருக்கறப்ப எந்த அம்பு உன்னைத் தாண்டி என்கிட்ட வரும்?"

அந்த ஊர் நகர மன்றத்துக் கடிகாரத்துக்கு மூன்று பக்கம்தான் முகம் உண்டு, வேல்ஸைப் பார்த்த பக்கம் மொட்டைச் சுவர், உங்கள் ஆட்களுக்கு மணி கூடச் சொல்ல மாட்டோம் என்று செஸ்டர்காரர்கள் வைத்த வைப்பு அது என்று அடுத்ததாக எடுத்து விட்டாள். செஸ்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த விஷயமே இந்த இரண்டுதான். இரண்டும் என்னை வைவதற்குப் பயன்படுவதால் ஞாபகம் இருந்தது.

மார்ஜரி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, "அந்தக் கடிகாரம் வந்து, உண்மைல..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் தெல்மா வயலில் நின்ற ஆடுகளைக் காட்டி, "உன் சொந்தக்காரங்கடி" என்றாள் என்னிடம். கடிகாரத்தின் உண்மை அங்கேயே நின்றுபோயிற்று.

மார்ஜரியின் வாக்கியங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நின்றுபோகும். அவள் கணவர் வில்ஃபிரட் நல்ல மனிதர், ஆனால் பொறுமை இல்லாதவர். அவள் பாதி சொன்னால் மீதியை அவர் முடித்துவிடுவார். அவள் சொல்ல வந்தது அது இல்லாவிட்டாலும் அவர் முடித்தபடிதான் முடியும். அவர் போன பிறகு, பாதியில் நிறுத்திவிட்டு யாராவது முடிப்பார்களா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அவளோடு தங்கிவிட்டது. பேசுவதற்குப் பதில் படிக்க ஆரம்பித்தாள். செஸ்டர் போகலாம் என்று நாங்கள் முடிவு செய்த நாளிலிருந்து நூலகத்தில் அந்த ஊரைப் பற்றி இருந்த புத்தகம் பூராவையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தின்று தீர்த்திருந்தாள். எங்களிடம் சொல்ல ஆசையாகத்தான் இருந்திருக்கும். இடம் கிடைக்கவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்ததும் டீயும் வெண்ணெய் கேக்கும் சாப்பிட்டுவிட்டு, கிழக்கு வாசலில் மதில்மேல் ஏறுவதாகத் திட்டம். அங்கேதான் வளைவின் உச்சியில் எல்லாரும் அண்ணாந்து படம் எடுக்கும் வேறொரு பெரிய கடிகாரம் இருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டம். வளைவுக்கு அடியில் போய்த் திரும்பினால் மார்ஜரியைக் காணோம். ஒரு தொப்பிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தெல்மா குடையை உயரத் தூக்கினாள்.

"இப்பிடி வாங்க, இந்தப் பக்கம். கைக்குட்டையைப் பாத்துக்கிட்டே வாங்க. யாரும் பின்தங்கக் கூடாது."

அவள் கூப்பிட்டது என்னையும் மார்ஜரியையும். வந்தது ஒரு பட்டாளம். நல்ல நடைச்செருப்பும் மழைத்தொப்பியும் போட்ட, எங்கள் வயதுக்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள். தெருவின் நாலா பக்கமும் சிதறி நின்றிருந்தவர்கள் அந்தக் குரலுக்குக் கோழிக்குஞ்சு மாதிரி கூடிவிட்டார்கள். முன்னால் வந்த முறுக்கு மீசைக்காரர் தொப்பியைத் தொட்டு, தன் பெயர் பாக்லிங்டன் என்றும், தாங்கள் லிங்கன்ஷரில் ஸ்பால்டிங் ஊரின் தோட்டக்காரர் சங்கம் என்றும் சொன்னார்.

"பஸ் சீக்கிரமே வந்துடுச்சும்மா. கைடுக்காகத்தான் காத்துட்டிருந்தோம். உங்க குடையப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு."

நான் தெல்மாவைப் பார்த்தேன். நாங்கள் கைடு இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். திறந்த வாயோடு அந்த இருபது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "எல்லாரும் வந்தாச்சா? ஏறலாம் வாங்க" என்றாள்.

படியேறும்போது அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உனக்கு என்னடி தெரியும் இந்த ஊரப் பத்தி?"

"மார்ஜரிக்குத் தெரியுமில்ல? அவ என் காதுல சொல்லட்டும், நான் ஊருக்குச் சொல்றேன். பத்து நிமிஷம்டி. சொல்லிட்டு விட்டுடலாம்."

மார்ஜரிக்கு விஷயம் புரிந்தபோது நாங்கள் மதில்மேல் இருந்தோம். அவள் முகம் வெளுத்துவிட்டது. இது தப்பு, அசல் கைடு எங்காவது தேடிக்கொண்டிருப்பார் என்று முனகினாள். ஆனால் தெல்மா காதைச் சாய்த்து அவள் பக்கம் நீட்டியதும், பாவம், சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாள் படித்ததைக் கேட்க ஒரு காது கிடைத்ததே என்று நினைத்தாளோ என்னவோ.

முதலில் வந்தது ரோமானியர்களின் வட்ட அரங்கு. மதிலிலிருந்து குனிந்து பார்த்தால் கீழே பாதி வட்டமாகக் கல்வரிசை தெரியும். இங்கே இருந்தது ரோமின் இருபதாவது படைப்பிரிவு, பயிற்சியும் சண்டைக் காட்சியும் இங்கேதான் நடந்தது, அரங்கின் மறுபாதி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்று மார்ஜரி காதில் ஓதினாள். அது தெல்மாவின் வாய்வழியாக வெளியே வந்தபோது படையில் மொத்தம் இருபது பேர்தான் இருந்தார்கள்.

இருபது பேருக்கா இவ்வளவு பெரிய இடம் என்று பாக்லிங்டன் கேட்டார்.

"எல்லாருமே கொஞ்சம் தாட்டியானவங்க" என்றாள் தெல்மா.

மறுபாதி எங்கே என்றார். ரிப்பேருக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. அதோடு போயிற்று. கூட்டம் சிரித்துவிட்டால் தெல்மாவை யாராலும் கட்ட முடியாது. மார்ஜரி காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள், இவள் அதை விட்டுவிட்டுத் தன் போக்கில் போனாள். ரோமானியர்கள் முதலில் இங்கே பிங்கோதான் ஆடினார்களாம். ஆனால் அவர்களுடைய எண்களெல்லாம் ஒரே நீளம். எண்பத்தெட்டு என்று கூவி முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு கிழவன் செத்தே போய்விட்டான். அதனால்தான் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கத்திச் சண்டைக்கு மாறினார்கள். நீல ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் இதற்கு ரொம்ப நியாயமாகத் தலையாட்டினாள்.

"அப்பிடி இல்ல தெல்மா, நான் சொன்னது வந்து..." என்ற மார்ஜரியின் குரல் எனக்கு மட்டும் கேட்டது. நான் கொஞ்சம் பின்வாங்கி, இந்தக் கோஷ்டியோடு எனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி நடந்தேன்.

மதில் தெற்கே ஆற்றை நோக்கி இறங்கும் இடத்தில் ஆசைப்படிகள் இருக்கின்றன. மூச்சு விடாமல் அந்தப் படிகளில் ஓடி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் நினைத்தது நடக்கும் என்பது ஊர்ப்பேச்சு. இதை மட்டும் தெல்மா மாற்றாமல் சொன்னாள். அவள் கைவைக்க அவசியமில்லாத அளவுக்கு அதுவே புளுகாக இருந்தது. எல்லாரும் இறங்கிக் கீழே நின்றதும் பாக்லிங்டன் மீசையைத் தடவினார்.

"கைடம்மா ஒருதடவ பண்ணிக் காட்டினா நாங்களும் தெரிஞ்சுக்கலாம்."

நான் வேண்டாமென்று கண்ணைக் காட்டினேன். கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. தெல்மா குடையை என்னிடம் கொடுத்து, மழைக்கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கன்னத்தில் காற்றை அடைத்துக்கொண்டு ஓடினாள். எங்கள் தெல்மா ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலே போய்விட்டாள். இறங்கியும் விட்டாள். இரண்டாம் முறை ஏறும்போது பாதி வழியில் மஞ்சள் மூட்டையாக உட்கார்ந்துவிட்டாள். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. நாங்கள் ஓடிப் போய்ப் பிடித்தோம். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. அத்தனை வருஷம் ஒருநாளும் கட்டாத குரல்.

எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற ஓர் உயரமான மனிதரை அப்போதுதான் கவனித்தேன். டுவீட் தொப்பி, கையில் தடி. சங்கத்து ஆள் ஒருவர் பின்தங்கி வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் காத்திருந்தது. தெல்மா என் கையிலிருந்த குடையை வாங்கி மார்ஜரியின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"நீ பேசு."

"என்னால முடியாது தெல்மா. எனக்கு இதெல்லாம் வராது."

"உனக்குத்தானே எல்லாம் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு உன் மூஞ்சியே சொல்லிட்டிருக்கு. அவங்களுக்கு நெசத்தச் சொல்லு, போ."

மார்ஜரி குடையைத் தூக்கவில்லை. குழந்தையைப் போல இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு எதிரே ஆறு அணையில் விழுந்து நுரைத்துக்கொண்டிருந்தது.

"இந்த ஆறு வந்து..." என்றாள். நிறுத்தினாள். வழக்கம்போல் யாராவது முடிப்பார்கள் என்று என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெல்மாவைப் பார்த்தாள். தெல்மாவுக்கு மூச்சே இன்னும் முழுசாக வந்திருக்கவில்லை. பாக்லிங்டன் பொறுமையாக நின்றார். ஆற்றில் ஒரு படகு கடந்து போயிற்று.

"இந்த ஆறு முன்னெல்லாம் மதில ஒட்டித்தான் ஓடிச்சு" என்று மார்ஜரியே முடித்தாள். "நாம இப்ப போகப்போற இடத்துல கப்பல் நிக்கும். வாங்க, காட்டறேன்."

பழைய பாலத்தையும் கோட்டையையும் தாண்டி, மேற்கு மதிலுக்கு வந்தோம். கீழே பச்சைப் பசேலென்று குதிரைப் பந்தயத் திடல். மார்ஜரி குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு உயர்த்தத் தெரியாது. அதனால் கூட்டம் நெருங்கி வந்தது. காதில் கருவி வைத்திருந்த ஒரு பெரியவர் அதைத் திருகிச் சரிசெய்துகொண்டார். தெல்மா பேசியபோது ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தவர்கள், இப்போது பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

இந்தத் திடல் பூராவும் ஒரு காலத்தில் தண்ணீர் என்றாள். பிரான்சிலிருந்து திராட்சை மது வரும், அயர்லாந்திலிருந்து தோல் வரும். பிறகு ஆற்றில் மண் மேடிட ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள்.

"ஆறு கேக்கல. கோவிச்சுக்கிட்டு அந்தாண்ட தள்ளிப் போயிடுச்சு. அது போனதும் கப்பலும் போயிடுச்சு, லிவர்பூலுக்கு. இவங்க கொஞ்ச நாள் வாசல்லயே நின்னு பாத்தாங்க. அப்புறம் சரி, இவ்வளவு நல்ல புல்லு முளைச்சிருக்கே, குதிரை ஓட்டலாம்னு ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். மார்ஜரி நிமிர்ந்து பார்த்தாள். தான் சொன்னதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

திடலுக்கு அப்பால் வேல்ஸ் மலைகள் நீலமாகத் தெரிந்தன. தெல்மாவுக்கு மூச்சு திரும்பியிருந்தது. அந்தப் பக்கத்துச் சரக்கு ஒன்று நம்மிடமே இருக்கிறது என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். பொழுது சாய்ந்தபின் அம்பு விடும் கதையையும் அவிழ்த்தாள். உத்தரவு இருந்ததாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அம்பு சமாசாரம் மதுக்கடைகளில் முளைத்தது என்று மார்ஜரி திருத்தினாள். கூட்டத்தார் மிருகக்காட்சிச் சாலையில் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். இந்த ஊருக்கு வர எனக்குப் பயமாக இல்லையா என்று பாக்லிங்டன் மரியாதையாகக் கேட்டார்.

"எங்க ஆளுங்க உள்ள வந்துடக் கூடாதுன்னு இவ்வளவு பெரிய மதில் கட்டினாங்க, பாத்தீங்களா? ரன்கார்ன்காரங்களுக்கு ஒரு வேலிகூடப் போடல. ஆடு மாடு வந்தா வரட்டும்னு விட்டுட்டாங்க."

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது தெல்மாதான்.

வடமேற்கு மூலையில் என் புதுச் செருப்பு கடிக்க ஆரம்பித்தது. நான் பின்தங்கினேன். டுவீட் தொப்பிக்காரர் எனக்குப் பக்கத்தில் தடி ஊன்றி வந்தார். அந்தச் சின்ன அம்மாள் யார் என்று விசாரித்தார். எங்கள் கைடு என்று வாய்கூசாமல் சொன்னேன்.

"அப்படியா? நான்தாம்மா இவங்க கைடு" என்றார்.

கோட்டுக் காலரைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கமாகக் குத்தியிருந்த பட்டையில் நெவில் ஆஷ்க்ராஃப்ட் என்று பெயர். கிழக்கு வாசலின் உள்பக்கத்தில் அவர் நின்றிருக்கிறார், நாங்கள் வெளிப்பக்கத்திலிருந்து கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டோம். எனக்குச் செருப்புக்கடி மறந்துபோயிற்று. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, இப்போதே போய் நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

"வேணாம்மா. அந்தப் படிக்கட்டுல மஞ்சக் கோட்டு அம்மா ஓடினப்பவே வந்துட்டேன். நிறுத்தத்தான் வந்தேன். அப்புறம் இவங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க." தடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "அந்த ஆத்துக் கதைய நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். மண்ணு எவ்வளவு உசரம் மேடாச்சுன்னு சொல்லுவேன். எல்லாரும் மணி பாப்பாங்க. கோவிச்சுக்கிட்டுப் போச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

அந்த அம்மாள் எந்தக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேட்டார். அவள் செருப்புக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கூட்டத்தின் முன் பேசுவது இதுதான் முதல் தடவை என்றேன். நெவில் தொப்பியைச் சற்றுத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். தான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதன்பின் எனக்குத்தான் அவஸ்தை. மார்ஜரி ஒவ்வொரு வாக்கியம் பேசும்போதும் நான் நெவிலின் முகத்தைப் பார்த்தேன். வடக்கு மதிலில், கீழே ஆழத்தில் ஓடும் கால்வாயைப் பார்த்துக்கொண்டே நடந்து, மூலைக் கோபுரத்துக்கு வந்தோம். முதலாம் சார்லஸ் மன்னர் தன் படை தோற்பதை இங்கே நின்றுதான் பார்த்தார் என்பார்கள். மார்ஜரி இந்த இடத்தில் அதிகம் பேசவில்லை. சண்டைபோடப் போனவர்களுக்காவது கையில் வேலை இருந்தது, அவருக்குப் பார்ப்பதைத் தவிர ஒன்றும் இல்லை என்றாள். அவ்வளவுதான். அவள் வில்ஃபிரட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களை நினைத்துச் சொன்னாளா, புத்தகத்தில் படித்ததைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. தெல்மா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கடைசியில் பேராலயத்துக்குப் பின்புறம் வந்தோம். அங்கே மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. மடத்துத் துறவிகளின் காய்கறித் தோட்டம் மதிலுக்கு வெளியே இருந்ததாம். ஒவ்வொரு தடவையும் ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று அரசரிடம் முறையிட்டு, மதிலில் ஓட்டை போட அனுமதி வாங்கினார்களாம். இதைக் கேட்டதும் ஸ்பால்டிங்காரர்களுக்கு உயிர் வந்துவிட்டது. இதுவரை அரசர்களையும் படைகளையும் பொறுத்துக்கொண்டவர்கள், இப்போது மண் எப்படி, வெயில் எந்தப் பக்கம் என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எட்டிப் பார்த்தார்கள். துறவிகள் என்னென்ன பயிரிட்டார்கள் என்று பாக்லிங்டன் கேட்டார்.

"கேல் கீரை. இந்த வாசலுக்கே கேல் தோட்டத்து வாசல்னுதான் பேரு." மார்ஜரி யோசித்தாள். "மத்தது எனக்குத் தெரியாது."

தெல்மாவின் வாய் திறப்பதைப் பார்த்து அவள் இடுப்பில் கிள்ளினேன்.

"தெரியாதா?" என்றார் பாக்லிங்டன்.

"தெரியாதுங்க. நான் படிச்சதுல இல்ல. இல்லாதத நான் சொல்லக் கூடாது."

"எனக்கும் தெரியாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நெவில் முன்னால் வந்தார். "வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லிச் சமாளிச்சிருக்கேன். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் காலரைத் திருப்பிப் பட்டையைக் காட்டினார். மார்ஜரி அதைப் படித்தாள். குடை அவள் கையில் மெல்லத் தாழ்ந்தது. பாக்லிங்டன் நெவிலையும் மார்ஜரியையும் மாறி மாறிப் பார்த்து, அப்படியானால் இந்த அம்மாக்கள் யார் என்று கேட்டார். அந்த நிமிஷம் மதிலிலிருந்து குதித்துவிடலாமா என்று நான் உயரத்தைப் பார்த்தது உண்மை.

தெல்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மார்ஜரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னோடதுங்க. நீங்க என்னைக் கைடுன்னு நெனச்சப்ப நான் இல்லேன்னு சொல்லல. அந்தப் படிக்கட்டு வரைக்கும் சொன்னது பூரா என் கைச்சரக்கு. அதுக்கப்புறம் இவ சொன்னது பூரா நெசம். இவள ஒண்ணும் சொல்லாதீங்க."

பாக்லிங்டன் இதை நிதானமாகச் சிந்தித்தார்.

"அப்போ ரோமானியருங்க பிங்கோ ஆடினது?"

"ஆடலங்க."

"அடப் பாவமே" என்றாள் நீல ஸ்வெட்டர் அம்மாள். "எனக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான்."

முதலில் சிரித்தது நெவில். அப்புறம் எல்லாரும். பாக்லிங்டன் கடைசியாகச் சிரித்தார், ஆனால் நன்றாகச் சிரித்தார். நெவிலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பாக்கி இருக்கும் தூரத்தையும் இந்த அம்மாவோடேயே முடித்துக்கொள்கிறோம், ஆட்சேபமில்லையே என்றார். தன் முழங்காலுக்கு ஆட்சேபமே இல்லை என்றார் நெவில். மார்ஜரி தயங்கினாள். பிறகு பேராலயத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். இந்தத் தடவை எந்த இடத்திலும் நிற்கவில்லை.

கிழக்கு வாசலில் அவர்கள் விடைபெற்றபோது ஒவ்வொருவரும் வரிசையாக வந்து மார்ஜரியின் கையைக் குலுக்கினார்கள். நெவில் தன் போன் நம்பர் இருந்த அட்டையைக் கொடுத்து, குளிர்காலத்தில் கைடுகளுக்குப் பயிற்சி நடக்கிறது, யோசித்துப் பாருங்கள் என்றார். பார்க்கலாம் என்றாள் மார்ஜரி. அவள் அகராதியில் அதற்கு முடியாது என்று பொருள்.

மறுபடி டீக்கடைக்குப் போனோம். தெல்மா டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. குரல் போன வருத்தமா, ஓடிய களைப்பா என்று சீண்டினேன். பதில் இல்லை. தெல்மாவிடமிருந்து பதில் வராவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும்.

"கூடத்துல எல்லாரும் குனிஞ்சு சீட்டத்தான்டி பாப்பாங்க" என்றாள் கடைசியில். "நான் எண்ணச் சொல்வேன், அவங்க குனிஞ்சு தேடுவாங்க. அத்தன வருஷமும் நான் பாத்தது தலை வகிட்டைத்தான். இன்னிக்குக் காலைல அங்க நின்னு நான் பேசினேன், எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் கைடு இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

மார்ஜரி தன் தட்டிலிருந்த கேக்கில் பாதியை வெட்டித் தெல்மாவின் தட்டில் வைத்தாள்.

"எனக்கு உன் பிங்கோ கதை பிடிச்சிருந்துது தெல்மா" என்றாள். "ரோமானிய எண்ணுல எண்பத்தெட்டு நெஜமாவே ரொம்ப நீளம். அது ஒண்ணு நீ சரியாத்தான் சொன்னே."

தெல்மா கேக்கைச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில், மணி ஐந்தாகிவிட்டது, இந்த வேல்ஸ்காரியை யாராவது வெளியேற்றுங்கள் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் புகார் செய்ய ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாயிற்று.

திரும்பும் ரயிலில் மார்ஜரி பேசினாள். ஹெல்ஸ்பி ஸ்டேஷன் வரை பேராலயச் சிற்பங்கள், ஃபிராட்ஷம் வரை கறுப்பு வெள்ளை வீடுகள். தெல்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை காலை, அவ்வளவு தூரம் நடந்ததில் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க மார்ஜரிக்குப் போன் போட்டேன். வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. துணி காயப்போட்டுவிட்டு வந்து மறுபடி போட்டேன். அப்போதும் அதேதான். மார்ஜரியின் போன் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. ரிசீவரை வைத்ததும் என் போன் அடித்தது. தெல்மா.

"உன்னோடயாடி பேசிட்டிருக்கா மார்ஜரி?"

"இல்லையே. நானும்தான் அரை மணியாப் போட்டுட்டிருக்கேன்."

மறுமுனையில் புஸ் புஸ்ஸென்று மூச்சு மட்டும் கேட்டது. அவள் சிரிப்பதுதான் அது என்று எனக்குப் புரிந்தது.

"பாவம்டி அந்த நெவில்" என்றாள். "அந்த மனுஷன் இன்னும் காலைச் சாப்பாடுகூட சாப்பிட்டிருக்க மாட்டாரு."